பல்கலைக்கழகக் காட்டில் மரம் வெட்டலாமா?

காட்டுவழி:
பல நாளாகக் கேட்க நினைத்த விஷயம். ஒரு பல்கலைக்கழகம் ஆயிரக்கணக்கான ஏக்கர் காட்டைத் தன் பெயரில் வைத்திருக்கிறது. ஆராய்ச்சி நடக்கிறது, மாணவர்கள் வந்து படிக்கிறார்கள், சுற்றியிருப்பவர்கள் காலையில் நடக்கப் போகிறார்கள், எல்லாம் சரி. திடீரென்று ஒருநாள் லாரி வந்து நிற்கிறது, இருப்பதிலேயே பெரிய மரங்களாகப் பார்த்து வெட்டி ஏற்றுகிறார்கள். கேட்டால் இது பூங்கா இல்லை, ஆய்வுக் காடு என்று பதில் வருகிறது.

அமெரிக்காவில் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் மெக்டொனால்ட்-டன் காட்டில் 2019இல் நடந்தது இதுதான். கொர்வாலிஸ் நகரத்தை ஒட்டிய காடு, ஊர்க்காரர்கள் தினமும் புழங்கும் இடம். அங்கே ஏறத்தாழ 16 ஏக்கர் துண்டு ஒன்றை வெட்டினார்கள். வெட்டிய மரங்களில் ஒன்றுக்கு வயது 420 இருக்கும் என்று வளையத்தை எண்ணிச் சொன்னார்கள். விற்ற காசு நான்கு லட்சம் டாலருக்கு மேல். ஊரே கொதித்துப்போனது. கல்லூரியின் தலைமையிலிருந்து தவறு நடந்துவிட்டது என்று கடிதம் வந்தது, 160 வயதுக்கு மேற்பட்ட மரங்களைத் தொடுவதை நிறுத்தி வைத்தார்கள்.

என் கேள்வி நேரடியானது. ஆராய்ச்சிக்காகக் காடு வைத்திருப்பவர்கள் அதை அப்படியே விட்டுவிட வேண்டியதுதானே? வெட்டினால்தான் ஆராய்ச்சியா?

ஆண்டுவளையம்:
நண்பரே, கோபம் நியாயம். ஆனால் "அப்படியே விட்டுவிடு" என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. வெட்டுவதே சில நேரம் சோதனையாக இருக்கும். கலிபோர்னியாவில் சியரா நெவாடா மலையில் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கு பிளாட்ஜெட் என்று ஒரு காடு உண்டு, 1933இலிருந்து. அங்கே காட்டைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒன்றில் கை வைக்காமல் விட்டார்கள், ஒன்றில் நெருக்கமாக நின்ற மரங்களைக் களைந்தார்கள், ஒன்றில் கட்டுக்குள் வைத்துத் தீ மூட்டினார்கள், இன்னொன்றில் களைந்த பிறகு தீயும் வைத்தார்கள். இருபது வருடம் கழித்துப் பார்த்தால் கை வைத்த துண்டுகள்தான் பெருந்தீயைத் தாங்கக்கூடிய நிலையில் இருக்கின்றன. ஆனால் தொடாமல் விட்ட துண்டு பக்கத்தில் இல்லையென்றால் இதைச் சொல்லியிருக்கவே முடியாது. ஆக, விட்டதும் வேண்டும், வெட்டியதும் வேண்டும்.

இன்னொன்று, ஹார்வர்ட் காடு. மாசசூசெட்ஸில் பீட்டர்ஷாம் என்ற சிற்றூரில் 1907இல் தொடங்கியது. 1938 சூறாவளி அந்தக் காட்டின் பெரும்பகுதியைச் சாய்த்துப் போட்டது. விழுந்த மரத்தை எல்லாம் அறுத்து எடுத்துத் துப்புரவு செய்தார்கள், அன்றைக்கு அதுதான் வழக்கம். அப்படிச் செய்திருக்க வேண்டுமா என்ற சந்தேகம் பிறகு வந்தது. அதனால் 1990இல் ஒரு துண்டுக் காட்டில் இருநூறுக்கும் மேற்பட்ட மரங்களை வின்ச் என்கிற இழுவை எந்திரத்தில் கட்டி இழுத்துச் சாய்த்து, ஒன்றையும் எடுக்காமல் அப்படியே போட்டுவிட்டார்கள். விழுந்த மரங்களில் பல அடுத்த வசந்தத்தில் படுத்தபடியே துளிர்த்தன. மண் சத்து அடித்துக்கொண்டு போகவில்லை, நிழல் போகவில்லை, காடு தன்னைத்தானே பிடித்துக்கொண்டது. புயலுக்குப் பிறகு ஓடிப்போய் மரத்தை எடுக்கும் அவசரம் பல இடங்களில் புயலைவிடக் கெடுதல் என்று இன்றைக்குத் தைரியமாகச் சொல்ல முடிகிறது என்றால் இந்த மாதிரி வேலைகளால்தான்.

ஓரிகனில் நடந்தது வேறு. அங்கே கேள்வியும் இல்லை, ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு துண்டும் இல்லை. மரம் பணமாகப் போனது, அவ்வளவுதான்.

தூறல்:
நான் கல்லூரியில் காட்டியல் படிக்கிறேன், கொஞ்சம் அடிப்படையான கேள்வி. இத்தனை வருடம் ஒரே இடத்தை அளந்துகொண்டே இருப்பதில் என்ன கிடைக்கிறது? செயற்கைக்கோள் படம் இருக்கிறதே, மூன்று வருடத் திட்டம் போட்டால் போதாதா?

ஆண்டுவளையம்:
போதாது. அதற்கும் ஹார்வர்ட் காட்டிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. 1991இல் மண்ணுக்குள் மின்கம்பி புதைத்து, சுற்றியுள்ள மண்ணைவிட 5 டிகிரி சூடாகவே வைத்திருக்கத் தொடங்கினார்கள். பூமி சூடானால் மண்ணில் உள்ள கார்பன் என்ன ஆகும் என்று பார்க்க. முதல் பத்தாண்டில் கார்பன் வேகமாக வெளியேறியது. அப்புறம் அடங்கியது, சூடாக்காத மண்ணுக்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை என்கிற அளவுக்கு. அங்கேயே நிறுத்தியிருந்தால் மண் பழகிக்கொண்டது, கவலை வேண்டாம் என்று எழுதியிருப்பார்கள். ஆனால் சில வருடம் கழித்து மறுபடி வெளியேறத் தொடங்கியது, பிறகு மறுபடி அடங்கியது. மட்குவதற்கு எளிதான சருகுச் சத்து தீர்ந்ததும் நுண்ணுயிர்க் கூட்டமே மாறி, முன்பு தொடாத கடினமான பொருளைத் தின்ன ஆரம்பிக்கிறது என்பது விளக்கம். 26 வருடப் பதிவை வைத்துத்தான் 2017இல் இதை எழுத முடிந்தது. மூன்று வருடத் திட்டத்தில் முதல் காட்சி மட்டும்தான் தெரிந்திருக்கும்.

செயற்கைக்கோள் விதானத்தை, அதாவது மரங்களின் தலைப்பரப்பை, மேலிருந்து பார்க்கும், அது மிகவும் உதவும், ஆனால் அந்தப் படத்தில் தெரியும் பச்சை உண்மையில் எவ்வளவு மரம் என்று சரிபார்க்கத் தரையில் ஒருவர் நாடா பிடித்து அளந்த கணக்கு வேண்டும். அந்த வேலை எப்படி இருக்கும் என்று சொல்கிறேன், படிக்கிற பிள்ளை என்பதால். தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் சுற்றளவு எடுக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் அதே இடத்தில். சரிவில் நிற்கும் மரம் என்றால் மேட்டுப் பக்கம் நின்று உயரம் எடுக்க வேண்டும். அந்த இடத்தில் முடிச்சோ புடைப்போ இருந்தால் கொஞ்சம் மேலே போய் எடுத்து, எவ்வளவு மேலே என்று எழுதி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்து வருபவர் பழைய உயரத்தில் அளந்து மரம் இளைத்துவிட்டது என்று எழுதுவார். எண் தகட்டை அலுமினிய ஆணியால் அடிப்பார்கள், பின்னாளில் ரம்பம் பட்டாலும் பல் போகாமல் இருக்க. ஆணியை முழுக்க இறக்காமல் விரல் அகலம் வெளியே விடுவார்கள், மரம் பருக்கப் பருக்கத் தகட்டை விழுங்கிவிடும் என்பதால். இதை ஆயிரக்கணக்கான மரங்களுக்கு, சில வருடத்துக்கு ஒருமுறை, ஆள் மாறினாலும் முறை மாறாமல் செய்ய வேண்டும். பல்கலைக்கழகம் என்ற நிலையான அமைப்பு பின்னால் இல்லாமல் இது நடக்காது.

தூறல்:
நன்றி அண்ணா, ஆணி விஷயம் எங்கள் பாடத்தில் இல்லவே இல்லை. ஆக்ஸ்ஃபோர்டின் வைட்டம் காட்டைப் பற்றிப் படித்திருக்கிறேன், அதுவும் இதே மாதிரிதான் போல. 1947இலிருந்து பட்டாணிக்குருவிகளுக்குக் கூட்டுப்பெட்டி மாட்டி, ஒவ்வொரு குஞ்சின் காலிலும் வளையம் போட்டு, யாருடைய பிள்ளை யார், எந்த நாளில் முதல் முட்டை என்று விடாமல் எழுதி வருகிறார்கள். அறுபதுகளில் தொடங்கி ஐம்பது வருடத்துக்குள் முட்டையிடும் நாள் ஏறத்தாழ இரண்டு வாரம் முன்னால் வந்துவிட்டது. ஓக் மரம் துளிர்ப்பதும் அந்தத் துளிரைத் தின்னும் புழு வருவதும் முந்திவிட்டதால் குருவியும் கூடவே முந்துகிறது. குஞ்சு அதிகம் சாப்பிடும் நாளும் புழு அதிகம் இருக்கும் நாளும் தவறிப்போனால் குஞ்சு பிழைக்காது. தொடங்கியவர்கள் யாரும் பருவநிலை மாற்றத்தை நினைத்துத் தொடங்கவில்லை, பறவைகளின் எண்ணிக்கை ஏன் கூடிக் குறைகிறது என்று பார்க்கத்தான் பெட்டி மாட்டினார்கள்.

நெடுங்கணக்கு:
எல்லாம் அருமை, ஆனால் இதற்கெல்லாம் யார் காசு கொடுப்பது? நான் நிதிப் பக்கம் வேலை பார்ப்பவன், அதனால் இப்படித்தான் யோசனை போகிறது. ஆராய்ச்சி மானியம் மூன்று வருடம், ஐந்து வருடம், நீண்டகால ஆய்வு என்று தனியாக ஒதுக்கினாலும் ஆறு வருடத்துக்கு ஒருமுறை மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். காட்டுச் சாலை, மதகு, அளவுக் கருவிகள் நிற்கும் கோபுரத்துக்கு மின்சாரம், காவலர் சம்பளம், இதற்கெல்லாம் மானியம் வராது. அதனால் பல பல்கலைக்கழகக் காடுகள் மரம் விற்றுத்தான் தங்களை நடத்திக்கொள்கின்றன. மரம் விற்பதே பாவம் என்று சொல்லிவிட்டால் அந்த நிலம் நாளைக்கு வீட்டுமனை ஆகும் அபாயமும் இருக்கிறது, பல்கலைக்கழகத்துக்குப் பணமுடை வந்தால் முதலில் கண் போவது காலியாகக் கிடக்கும் நிலத்தின் மேல்தான்.

பிரச்சினை எங்கே என்றால், காசு தேவைப்படும் ஆளும் எந்த மரத்தை வெட்டலாம் என்று முடிவு செய்யும் ஆளும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருப்பது. காட்டுவழி சொன்ன அந்தக் காட்டுக்கு 2005இல் போட்ட மேலாண்மைத் திட்டம் இருந்தது. 2009இல் பொருளாதாரம் சரிந்தபோது அதை நிறுத்தி வைத்தார்கள். பத்து வருடம் கழித்து அந்த மரங்கள் விழுந்தபோது, இதை வெட்டக் கூடாது என்று எடுத்துக் காட்ட நடைமுறையில் ஒரு காகிதம் இல்லை. எனக்கு அந்த 420 வயது மரத்தைவிட இதுதான் பெரிய அதிர்ச்சி.

காட்டுவழி:
இந்தத் திட்டம் நிறுத்தி வைத்த கதை எனக்குத் தெரியாது. அப்படியானால் கேள்வியை மாற்றிக் கேட்கிறேன். வெட்டலாமா கூடாதா என்பதை விடுங்கள், யாரைக் கேட்டு வெட்டுகிறார்கள்? அங்கே தினமும் நடப்பவர்களுக்கு ஒரு சொல் உண்டா?

கீழ்வேர்:
நடப்பவர்களுக்கு மட்டுமா? அதற்கு முன்னால் அங்கே வாழ்ந்தவர்களை யார் கேட்டார்கள்?

இதைக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல அனுமதியுங்கள். அமெரிக்காவில் 1862இல் ஒரு சட்டம் வந்தது, மாநிலங்களுக்கு நிலம் கொடுத்து, அதை விற்ற காசில் கல்லூரி நடத்தச் சொன்னது. அந்த நிலம் ஒரு கோடி ஏக்கருக்கு மேல், எல்லாம் பழங்குடிகளிடமிருந்து பறித்தது. ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகமும் அந்தச் சட்டத்தில் பயன் பெற்றதுதான். நீங்கள் பேசும் அந்தக் காடு இருக்கும் இடம் கலபூயா மக்களின் நிலம். அவர்கள் ஆண்டுதோறும் புல்வெளிக்குத் தீ வைத்து, ஓக் மரங்கள் விலகி விலகி நிற்கும் திறந்த வெளியாக அதை வைத்திருந்தார்கள். ஓக் கொட்டையும் காமஸ் கிழங்கும் அவர்களுக்கு உணவு. அவர்களை அகற்றியதும் தீ நின்றது, தீ நின்றதும் டக்ளஸ் ஃபிர் என்ற ஊசியிலை மரம் உள்ளே வந்து ஓக்கை மூடிவிட்டது. இன்றைக்கு நாம் பழைய காடு என்று பார்த்து நெகிழும் இடத்தில் ஒரு பகுதி, மக்கள் விரட்டப்பட்டதால் வளர்ந்த காடு. அதனால்தான் "அப்படியே விட்டுவிடு" என்று கேட்கும்போது எனக்கு எந்த "அப்படியே" என்று கேட்கத் தோன்றுகிறது. 420 வயது மரம் அந்த மக்கள் இருந்த காலத்து மரம், அதை வெட்டியதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது. ஆனால் ஓக்கைக் காப்பாற்ற நடுவில் புகுந்த ஃபிர்ரை வெட்டினால் நான் எதிர்க்க மாட்டேன்.

உலகம் முழுக்க இப்படி வேறு வேறு ஒப்பந்தம். ஜப்பானில் கியோட்டோ பல்கலைக்கழகத்தின் அஷியு காடு 1921இல் ஊர்ப் பொது நிலத்தை 99 வருடக் குத்தகைக்கு எடுத்துத் தொடங்கியது. நிலம் ஊருடையது, ஆய்வு பல்கலைக்கழகத்துடையது. இது நல்ல ஏற்பாடா என்று ஒரே வரியில் சொல்ல முடியாது, ஆனால் குத்தகை என்று ஒன்று இருந்தால் ஒருநாள் உட்கார்ந்து பேசியே ஆக வேண்டும்.

இன்னொரு விஷயமும் சொல்லிவிடுகிறேன், இதில் எனக்கு ஆதங்கம் அதிகம். உகாண்டாவின் கிபாலே காட்டில் மக்கரேரே பல்கலைக்கழகத்தின் கள நிலையம் இருக்கிறது. சிம்பன்சி ஆய்வு அங்கே 1987இலிருந்து நடக்கிறது. வெளிநாட்டு மாணவர் வருவார், இரண்டு வருடத்தில் போய்விடுவார். விடியுமுன் கிளம்பி, சிம்பன்சிக் கூட்டத்தை அது கூடு கட்டிப் படுக்கும்வரை பின்தொடர்ந்து, எந்தத் தாய், எந்தக் குட்டி, என்ன பழம் என்று எழுதுவது பக்கத்து ஊர்க்காரர்களான கள உதவியாளர்கள். வேட்டைக்காரர்கள் வைக்கும் கம்பிச் சுருக்கை அகற்றுவதும் உள்ளூர்க்காரர்களைக் கொண்ட குழுதான். சிம்பன்சியின் கையில் மாட்டினால் விரல் போகும், சில நேரம் கையே போகும். இப்படி வருடக்கணக்கில் அறிவைச் சுமப்பவர்களின் பெயர் கட்டுரையில் நன்றி சொல்லும் பத்தியில் ஒரு வரியாக வருகிறது. பல்கலைக்கழகக் காடு ஊருக்கு என்ன செய்கிறது என்று கேட்கிறோம், ஊர் இல்லாமல் பல்கலைக்கழகத்துக்கு அங்கே என்ன தெரியும் என்றும் கேட்க வேண்டும்.

ஆண்டுவளையம்:
கீழ்வேர் சொன்ன கடைசிப் பத்தியை அப்படியே வழிமொழிகிறேன்.

வெட்டியும் காடு நிற்கும் என்பதற்கு ஒரு உதாரணம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பேச்சு ஓரிகனிலேயே நின்றுவிடும். டோக்கியோ பல்கலைக்கழகத்துக்கு ஹொக்கைடோ தீவில் ஃபுரானோ பக்கம் இருபதாயிரம் ஹெக்டேருக்கு மேல் காடு இருக்கிறது. அதை நடத்திய தகாஹாஷி நோபுகியோவை மக்கள் சேற்று ஆமை என்று பொருள்படும் செல்லப் பெயரால் அழைத்தார்கள். வகுப்பறையில் விரிவுரை நடத்தாமல் காட்டிலேயே வாழ்நாளைக் கழித்த பேராசிரியர். 1958இல் அவர் தொடங்கிய முறையில் காட்டை அதன் நிலையைப் பார்த்துப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் பத்து வருடம் போல இடைவெளி விட்டு, அதற்குள் காடு வளர்ந்த அளவைத் தாண்டாமல், தேர்ந்தெடுத்த மரங்களை மட்டும் வெட்டுவார்கள். நோயுற்ற மரம், பக்கத்துக் கன்றை நெருக்கும் மரம் என்று ஆள் போய் ஒவ்வொன்றாகப் பார்த்துக் குறியிட வேண்டும். மரமும் விற்கிறது, காடும் கலப்புக் காடாக நிற்கிறது. நெடுங்கணக்கு கேட்ட காசுக்கு இது ஒரு பதில், ஆனால் காட்டைத் தெரிந்த ஆட்கள் நிறையப் பேர் வேண்டும்.

தூறல்:
மக்கள் நடமாட்டம் பற்றி யாரும் பேசவில்லையே? வைட்டமில் நடக்க அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகக் காட்டில் மான்களின் எண்ணிக்கை பெருகிப்போய்க் கன்றுகளைத் தின்று தீர்ப்பதால் இலையுதிர் காலத்தில் வார நாட்களில் சில பகுதிகளை மூடி வேட்டைக்கு விடுகிறார்கள். இது நடக்க வருபவர்களுக்குப் பெரிய மனக்குறை என்று படித்தேன். ஆய்வுக்காக மக்களைத் தள்ளி வைப்பது சரியா?

காட்டுவழி:
நான் நடக்கிற ஆள், நானே சொல்கிறேன், சில இடத்தை மூடுவது எனக்குச் சம்மதம். நாயை அவிழ்த்துவிட்டால் தரையில் கூடு கட்டும் பறவை போய்விடும், பாதையை விட்டு இறங்கி நடந்தால் விதை முளைப்பதை எண்ணும் சதுரத்தை மிதிப்போம். சைக்கிள்காரர்கள் புதிதாகப் போடும் தடத்தில் மழைநீர் ஓடி ஓடைக்குள் மண் இறங்குகிறது. எதற்காக மூடியிருக்கிறது என்று அந்த இடத்திலேயே ஒரு பலகையில் எழுதிவிட்டால் பாதிச் சண்டை தீரும். என்ன அளக்கிறோம், எப்போதிலிருந்து, இதுவரை என்ன தெரிந்தது, எப்போது திறப்போம், நாலு வரி போதும். "அத்துமீறி நுழையாதீர்" என்று மட்டும் எழுதிய பலகையைப் பார்த்தால் யாருக்கும் அந்தக் காட்டின் மேல் பாசம் வராது, நாளைக்கு அதை விற்கப் போகிறார்கள் என்றால் தெருவில் இறங்கவும் வர மாட்டார்கள்.

நெடுங்கணக்கு:
விற்கப் போகும்போது யார் வருவார்கள் என்பது சரியான கேள்வி. டியூக் காடு 1931இல் தொடங்கியபோது அதில் நிறைய இடம் மண் செத்துக் கைவிட்ட விளைநிலம். இன்று நகரம் நான்கு பக்கமும் நெருங்கிவிட்டது. அந்த நிலத்தின் விலையோடு எந்த ஆராய்ச்சியும் போட்டி போட முடியாது. அங்கே 1996இலிருந்து 2010வரை பைன் மரங்களைச் சுற்றி வட்டமாகக் குழாய் நட்டு, காற்றில் கார்பன் டை ஆக்சைடைக் கூட்டிப் பார்த்தார்கள். பைன் கூடுதலாக வளர்ந்தது, ஆனால் மண்ணில் நைட்ரஜன் போதாத இடத்தில் அந்த வளர்ச்சி நீடிக்கவில்லை. மரம் நட்டால் புகையை எல்லாம் அது இழுத்துக்கொள்ளும் என்ற கணக்கில் அந்த வட்டங்கள் பெரிய திருத்தம் போட்டன. கூடவே பாய்சன் ஐவி என்கிற அரிப்புக்கொடி பைனைவிடக் கொழுத்து வளர்ந்து, அதன் நச்சும் கூடியது. இதை எந்த விலைக்கு எழுதுவது?

கீழ்வேர்:
விலை இருக்கட்டும், பாதுகாப்பு என்ன? 2023இல் ஓரிகனின் ஆண்ட்ரூஸ் ஆய்வுக் காட்டில் மின்னல் விழுந்து தீப்பிடித்துப் பெரும்பகுதி எரிந்தது. மரத்தடிகள் மட்குவதை 200 வருடம் பார்ப்பது என்று 1985இல் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தடிகளைப் போட்டுத் தொடங்கிய ஆய்வு அந்தக் காட்டில்தான்.

ஆண்டுவளையம்:
ஆண்ட்ரூஸ் நிலம் அரசின் வனத்துறையுடையது, பல்கலைக்கழகம் சேர்ந்து நடத்துகிறது, அது ஒரு சின்னத் திருத்தம். எரிந்தது மனதைப் பிசைகிறது, ஆனால் எரிவதற்கு முன் அந்த ஓடையில் தண்ணீர் எவ்வளவு, என்ன வெப்பம், பல்லி போலத் தோன்றும் சாலமாண்டர் எத்தனை, எத்தனை ஆந்தை என்று பல பத்தாண்டுகளுக்குக் கணக்கு இருக்கிறது. தீக்குப் பிறகு என்ன மாறியது என்று ஊகிக்காமல் சொல்லக்கூடிய காடுகள் உலகத்திலேயே சொற்பம், அது இப்போது அப்படி ஒன்று. தாள் நகல்களும் கணினிப் பதிவும் வேறு வேறு ஊரில் இருக்க வேண்டும் என்பது மட்டும் என் பிடிவாதம். கள நோட்டு ஒரே அலமாரியில் இருந்தால், கரையான் போதும்.

தூறல்:
என்னைப் போன்றவர்கள், இல்லை அங்கே நடக்கப் போகிறவர்கள், ஏதாவது உருப்படியாகச் செய்ய முடியுமா? குப்பை பொறுக்குவது தவிர.

ஆண்டுவளையம்:
முடியும். ஹார்வர்ட் காட்டில் 1990இலிருந்து அதே மரங்களைப் பார்த்து மொட்டு விரிவது, இலை பழுப்பது, உதிர்வது என்று எழுதி வருகிறார்கள், பள்ளிப் பிள்ளைகளும் தங்கள் பள்ளி வளாகத்தில் அதே முறையில் எழுதுகிறார்கள். உங்கள் பக்கத்துக் காட்டின் அலுவலகத்தில் கேட்டு, அவர்கள் கொடுக்கும் மரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மரத்தில் ஒரே கொம்பைப் பாருங்கள், மாற்றி மாற்றிப் பார்க்காதீர்கள். துளிர்க்கும் பருவத்தில் வாரம் இரண்டு முறையாவது போக வேண்டும். இன்று போனேன், மாற்றம் இல்லை என்பதையும் எழுத வேண்டும், பலர் அதை விட்டுவிட்டுப் பூத்த நாளை மட்டும் எழுதுகிறார்கள், அப்போது அது பூத்த நாளா நீங்கள் போன நாளா என்று பின்னால் யாருக்கும் தெரியாது.

காட்டுவழி:
நடக்கும்போது மரத்திலிருந்து தகடு கழன்று கீழே கிடப்பதைப் பார்த்தால் என்ன செய்வது? எடுத்துக்கொண்டு போய்க் கொடுக்கலாமா?

ஆண்டுவளையம்:
எடுக்க வேண்டாம், நீங்களே ஆணியும் அடிக்க வேண்டாம். கிடக்கிற இடத்திலேயே எண் தெரிகிற மாதிரி ஒரு படம், சுற்றி நிற்கும் மரங்களும் வருகிற மாதிரி இன்னொரு படம், செல்பேசி காட்டும் இடக் குறியீடு, மூன்றையும் அலுவலகத்துக்கு அனுப்பிவிடுங்கள். பக்கத்து மரங்களின் எண்ணை வைத்து எந்த மரத்துத் தகடு என்று அவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.